யாரும் பார்க்காதபோது நிலா இருக்கிறதா? குவாண்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் தமிழ் பேசும் நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பன் பார்க்கில் உட்கார்ந்து அறிவியல் பேசுவது வழக்கம். ஐடி ஆட்கள், கல்லூரிப் பிள்ளைகள், பொதுத்துறையில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் என்று கலந்துகட்டி வருவார்கள். கருந்துளையில் ஆரம்பித்தாலும் சரி, காவிரித் தண்ணீரில் ஆரம்பித்தாலும் சரி, பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது: பார்க்க ஆளே இல்லாவிட்டால் உலகம் இருக்குமா? ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். கணக்கு அதிகம் வராது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கும்.

நேராகச் சொல்லுங்கள் சார். யாரும் பார்க்காதபோது நிலா இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது.

இந்தக் கேள்வியைப் பிரபலமாக்கியவர் ஐன்ஸ்டைன். 1950 வாக்கில் பிரின்ஸ்டனில் ஆபிரகாம் பைஸ் என்ற இயற்பியலாளரோடு நடந்து போய்க்கொண்டிருந்தவர் சட்டென்று நின்று, நான் பார்க்கும்போது மட்டும்தான் நிலா இருக்கிறது என்று நீ நிஜமாகவே நம்புகிறாயா என்று கேட்டிருக்கிறார். பைஸ் பிற்பாடு இதை எழுதினார். ஐன்ஸ்டைனுக்கு நிலாவின் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. அணு, எலக்ட்ரான் மாதிரி மிகச் சின்னவை எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் குவாண்டம் கோட்பாட்டை அந்தக் காலத்துப் பெரிய தலைகள் விளக்கிய விதத்தை நீட்டிக்கொண்டே போனால் இந்த அபத்தத்தில்தான் போய் முட்டும் என்று குத்திக்காட்டினார், அவ்வளவுதான்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பார்க்காவிட்டால் ஒரு பொருள் இருக்குமா என்பது ஒன்று. அந்தப் பொருளிடம் நாம் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும், நாம் கேட்பதற்கு முன்பே பதில் தயாராக இருக்குமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு இயற்பியலாளர்களில் அநேகமாக எல்லோரும் ஆமாம் என்பார்கள். இரண்டாவதில்தான் நூறு வருஷச் சண்டை. அதிலும் சோதனைகள் தந்திருக்கும் பதில் கொஞ்சம் கலங்கடிக்கும். யூடியூபில் வரும் பெரும்பாலான குழப்பம், இரண்டாவது கேள்விக்கு வந்த பதிலைத் தூக்கி முதலாவதற்குப் போட்டதால் வந்ததுதான்.

ஆனால் எல்லா வீடியோவிலும் ஒரு பெரிய கண் போட்டுக் காட்டுகிறார்களே, பார்த்தால் எலக்ட்ரான் மாறிவிடுகிறது என்று?

அந்தக் கண்ணைப் போட்டவரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

சோதனை இதுதான். இரண்டு பிளவுகள் உள்ள தடுப்பை நோக்கி எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்புகிறோம். பின்னால் இருக்கும் திரையில் புள்ளி புள்ளியாக விழுந்து, நிறைய சேர்ந்ததும் வரிவரியாகப் பட்டைகள் தெரியும். அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டால் வரும் பட்டைகள் அவை. எந்தப் பிளவு வழியாகப் போனது என்று கண்டுபிடிக்கக் கருவி வைத்தால் பட்டைகள் காணாமல் போகும். இதுவரை சரி. இதை "யாரோ பார்த்ததால்" என்று சொல்லும்போதுதான் வண்டி தடம் புரள்கிறது.

வியன்னாவில் 2004-இல் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. எழுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த கூண்டு போன்ற மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டார்கள். குளிர்ச்சியாக இருந்தவரை அவை அழகாகப் பட்டைகள் போட்டன. அப்புறம் பறந்து போகும் வழியிலேயே லேசரால் அவற்றைச் சூடாக்கினார்கள். சூடான எதுவும் ஒளியை உமிழும் அல்லவா, அந்த மூலக்கூறுகளும் வெப்ப ஒளித்துகள்களை உமிழ ஆரம்பித்தன. சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கிக்கொண்டே வந்து கடைசியில் சுத்தமாக மறைந்துவிட்டன. அந்த ஒளித்துகள்களை யாரும் பிடிக்கவில்லை. பிடிக்கக் கருவியும் வைக்கவில்லை. அவை போய்ச் சோதனைப் பெட்டியின் சுவரில் விழுந்திருக்கும். மூலக்கூறு எங்கே இருந்தது என்ற தகவல் ஒளியோடு வெளியே கசிந்துவிட்டது, அது போதும். அந்தத் தகவலை எடுத்துப் படிக்க ஆள் இருந்தாரா என்பது கணக்கிலேயே வரவில்லை.

அப்படியென்றால் மனித உணர்வுதான் காரணம் என்ற கதை எங்கிருந்து வந்தது? சும்மா கிளப்பிவிட்டார்களா?

சும்மா இல்லை. நல்ல தலைகளிடமிருந்துதான் வந்தது.

1932-இல் வான் நாய்மன் குவாண்டம் கோட்பாட்டுக்கு ஒழுங்கான கணித அடித்தளம் போட்டு ஒரு புத்தகம் எழுதினார். எலக்ட்ரானை ஒரு கருவி அளக்கிறது. அந்தக் கருவியும் அணுக்களால் ஆனதுதானே, அதையும் அதே சமன்பாட்டில் சேர்த்துவிடலாம். கருவியைப் பார்க்கும் கண், கண்ணுக்குப் பின்னால் நரம்பு, மூளை என்று ஒவ்வொன்றையும் சேர்த்துக்கொண்டே போகலாம், எங்கே கோடு கிழித்தாலும் கணக்கில் வரும் விடை ஒன்றுதான் என்று காட்டினார். அப்படியானால் பல சாத்தியங்களில் ஒன்று மட்டும் நிஜமாவது எந்த இடத்தில்? 1939-இல் லண்டன், பவுவர் என்ற இருவர் அது பார்ப்பவரின் உணர்வில் நடக்கிறது என்று எழுதினார்கள். 1961-இல் யூஜின் விக்னர் அதையே இன்னும் அழுத்திச் சொன்னார். அவர் நோபல் பரிசு பெற்றவர் என்பதால் அந்தக் கட்டுரை இன்று வரை மேடை மேடையாக ஓடுகிறது.

அதே விக்னர் பிற்காலத்தில் அந்தக் கருத்தைக் கைவிட்டுவிட்டார் என்பதை மட்டும் எந்த மேடையிலும் சொல்ல மாட்டார்கள். டீட்டர் சே என்ற ஜெர்மானியர் 1970-இல் எழுதிய கட்டுரை அவரை மாற்றிய காரணங்களில் ஒன்று. பெரிய பொருள்களைச் சுற்றியிருக்கும் காற்றிலிருந்தும் ஒளியிலிருந்தும் பிரித்துத் தனியாக வைத்துக் கணக்குப் போடுவதே தப்பு என்பது சேயின் வாதம்.

ஜான் பெல் என்ற இயற்பியலாளர் 1990-இல் கேட்ட கேள்வி இன்னும் காரமானது. பிரபஞ்சம் முழுவதும் கோடானுகோடி ஆண்டுகள் ஒரு செல் உயிரி தோன்றும் வரை காத்துக்கொண்டிருந்ததா, இல்லை, இன்னும் கொஞ்சம் தகுதியான ஒருவர், அதாவது ஒரு முனைவர் பட்டம் வாங்கியவர், வரும் வரை காத்துக்கொண்டிருந்ததா?

மனிதர்கள் வருவதற்கு முன்னால் என்ன ஆயிற்று என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. பெங்களூர்க்காரர்கள் அதன் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

லால்பாக்கில் கெம்பே கவுடா கோபுரம் நிற்கும் பாறைக் குன்று தெரியுமே, அது தீபகற்ப நைஸ் என்ற பாறை வகை. சுமார் 300 கோடி ஆண்டுகள் பழசு. இந்த மாதிரிப் பாறைகளில் கறுப்பு மைக்கா இருக்கும். மைக்காவுக்குள் சிர்கான் என்ற சின்னச் சின்னப் படிகங்கள் மாட்டியிருக்கும். சிர்கானுக்குள் துளி யுரேனியம் இருக்கும். அந்த யுரேனியம் அவ்வப்போது சிதைந்து ஓர் ஆல்ஃபா துகளை வெளியே துப்பும். எந்த அணு, எந்த நொடியில் சிதையும் என்பது சுத்தமான குவாண்டம் தற்செயல். வெளியே வந்த துகள் மைக்காவில் மயிரிழைக்கும் குறைவான தூரம் பாய்ந்து, போகும் வழியைச் சேதப்படுத்திவிட்டு நின்றுவிடும். இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த சேதம், சிர்கானைச் சுற்றி வட்டமான கறுப்பு வளையமாகத் தங்கிவிடுகிறது. நைஸ், கிரானைட் பாறைகளை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் நிலவியல் மாணவர்களுக்கு இந்த வளையங்கள் சர்வசாதாரணம். இவை ஆல்ஃபா துகளால் வந்தவை என்று 1907-இல் விளக்கியவர் ஜான் ஜோலி.

யோசித்துப் பாருங்கள். குவாண்டம் நிகழ்வு நடந்தது, முடிவும் வந்தது, அது பதிவும் ஆயிற்று. அப்போது உலகத்தில் பூச்சி புழு கூடக் கிடையாது.

பிடிவாதக்காரர் ஒருவர் இதற்கும் பதில் சொல்வார்: 1907-இல் ஜோலி பார்க்கும் வரை அந்த வளையம் இருந்தும் இல்லாமலும் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் பார்த்ததும் பின்னோக்கி 300 கோடி ஆண்டு வரலாறும் சேர்ந்து நிஜமாயிற்று என்று. அதை எந்தச் சோதனையாலும் முறியடிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முறியடிக்க முடியாது என்ற ஒரே காரணத்துக்காக அதை நம்ப வேண்டும் என்றால், நேற்று ராத்திரிதான் உலகம் எல்லா ஞாபகங்களோடும் சேர்த்துப் படைக்கப்பட்டது என்பதையும் நம்பிவிடலாம்.

ஷ்ரோடிங்கர் பூனை?

மூடிய பெட்டிக்குள் ஒரு பூனை, ஓர் அணு சிதைந்தால் அதைக் கொல்லும் விஷம்; திறந்து பார்க்கும் வரை அணு சிதைந்தும் சிதையாமலும் இருந்தால் பூனையும் செத்தும் உயிரோடும் இருக்க வேண்டுமே என்பது குவாண்டம் முன்னோடி ஷ்ரோடிங்கரின் கற்பனை. பூனை நிஜமாகவே அப்படி இருக்கிறது என்று சொல்ல 1935-இல் அவர் அதை எழுதவில்லை. இப்படி ஒரு கேலிக்கூத்து வருகிறதே, கோட்பாட்டில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லத்தான் எழுதினார். பூனை ஒருநாளும் அந்த நிலையில் இருக்காது. அது மூச்சுவிடும் காற்றே வியன்னா மூலக்கூறின் ஒளித்துகள் செய்த வேலையைச் செய்துவிடும்.

அப்போ பிரச்சினை தீர்ந்துவிட்டதே? காற்றும் ஒளியும் போதும், பார்ப்பவர் வேண்டாம்?

பாதி தீர்ந்தது. இந்தச் சுற்றுப்புறக் கசிவுக்கு டிகோஹெரன்ஸ் என்று பெயர். பெரிய பொருள்களில் குறுக்கீட்டுப் பட்டைகள் ஏன் தெரிவதில்லை, நிலா ஏன் இரண்டு இடத்தில் மங்கலாகப் பரவித் தெரிவதில்லை என்பதை இது நன்றாகவே விளக்குகிறது. ஆனால் இருக்கும் சாத்தியங்களில் ஏன் ஒன்று மட்டும் நடந்தது என்று இது சொல்வதில்லை. கணக்கைக் கேட்டால் "இதுவும் அதுவும்" என்பது போய், ஒன்றையொன்று தொடாத "இது" ஒரு பக்கம், "அது" ஒரு பக்கம் என்று இரண்டும் அப்படியே நிற்கும். நாம் காண்பதோ ஒன்றை. இந்த மீதிப் பாதிக்குத்தான் ஆளாளுக்கு ஒரு விளக்கம்.

2022 நோபல் பரிசு, பிரபஞ்சம் நிஜமில்லை என்று நிரூபித்ததற்குத்தானே?

இல்லவே இல்லை. அலெய்ன் அஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவரும் பரிசு வாங்கியது பின்னிப் பிணைந்த ஒளித்துகள்களை வைத்துச் செய்த சோதனைகளுக்கும், அவற்றால் பெல் சமனின்மை மீறப்படுகிறது என்று நிலைநாட்டியதற்கும். இந்த விஷயத்தின் உயிரே இதில்தான் இருப்பதால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

ஒரு விளையாட்டு. கோமதி அல்சூரில் இருக்கிறார், சேகர் ராஜாஜிநகரில். நடுவர் ஒருவர் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு சீட்டு அனுப்புகிறார். சீட்டு வெள்ளையாகவும் இருக்கலாம், கறுப்பாகவும் இருக்கலாம், குலுக்கல்தான். சீட்டைப் பார்த்ததும் "ஆம்" அல்லது "இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். மற்றவருக்கு என்ன சீட்டு வந்தது என்று தெரியாது, ஃபோன் கிடையாது. விதி இதுதான்: இருவருக்கும் கறுப்பு வந்தால் பதில்கள் வேறு வேறாக இருக்க வேண்டும். மற்ற மூன்று சேர்க்கைகளிலும் பதில் ஒன்றாக இருக்க வேண்டும். முந்தின நாளே உட்கார்ந்து என்ன திட்டம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

திட்டம் என்றால் என்ன? கோமதி வெள்ளைக்கு ஒரு பதில், கறுப்புக்கு ஒரு பதில் முடிவு செய்து வைத்திருப்பார். சேகரும் அப்படியே. மொத்தம் நான்கு பதில்கள். இருவருக்கும் வெள்ளை வரும் சுற்றில் ஜெயிக்க, கோமதியின் வெள்ளையும் சேகரின் வெள்ளையும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்த சேர்க்கைக்குக் கோமதியின் வெள்ளையும் சேகரின் கறுப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கடுத்ததற்குக் கோமதியின் கறுப்பும் சேகரின் வெள்ளையும். இந்த மூன்றையும் நிறைவேற்றினால் நான்கு பதில்களும் ஒன்றாகிவிடும். ஆனால் கறுப்பு-கறுப்பு வந்தால் வேறு வேறாக இருக்க வேண்டுமே! மாட்டிக்கொண்டார்கள். நான்கில் மூன்றைத்தான் ஜெயிக்க முடியும். 75 சதவீதத்தைத் தாண்ட எந்தத் திட்டமும் கிடையாது, ரகசியமாகச் சீட்டுக் குலுக்கிப் பதில் சொன்னாலும் கிடையாது. இந்த வரம்புதான் பெல் சமனின்மை.

இப்போது ஆளுக்கொரு ஒளித்துகள் கொடுக்கிறோம். இரண்டும் ஒரே இடத்தில் ஜோடியாகப் பிறந்து பிணைந்தவை. வெள்ளைச் சீட்டு வந்தால் ஒளித்துகளை ஒரு கோணத்தில் அளந்து, கறுப்பு வந்தால் இன்னொரு கோணத்தில் அளந்து, அது தரும் விடையையே பதிலாகச் சொல்லச் சொல்கிறோம். கோணங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் 85 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்கலாம் என்று குவாண்டம் கணக்கு சொல்கிறது. இயற்கையும் அதற்கு ஒத்துழைக்கிறது. 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு வைரங்களுக்குள் எலக்ட்ரான்களை வைத்து, வேறு விளக்கம் சொல்லித் தப்பிக்க வழியே இல்லாதபடி ஓட்டைகளை அடைத்துச் செய்தார்கள். 245 சுற்று ஆடியதில் 196 வெற்றி, அதாவது 80 சதவீதம்.

ஆக, துகள்கள் எல்லாக் கேள்விக்கும் பதிலை முன்கூட்டியே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒன்றையொன்று தொடாமல், தனித்தனியாகப் பதில் சொல்கின்றன என்ற படம் உடைந்துவிட்டது. உடைந்தது அந்தப் படம் மட்டும்தான். தூரத்தில் நடப்பது இங்கே உடனே பாதிக்கும் என்று ஒத்துக்கொண்டால் முன்கூட்டியே நிலைகள் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றால் வேறு எதையாவது விட வேண்டும். பெல் தானே பார்ப்பவர் இல்லாத நிஜத்தின் பக்கம் நின்றவர் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்தெந்த விளக்கத்தில் பார்ப்பவர் இல்லாமலே உலகம் ஓடும்?

மூன்றில் தாராளமாக ஓடும். டேவிட் போம் 1952-இல் சொன்னபடி, துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். அதை ஓர் அலை வழிநடத்துகிறது. விலை என்னவென்றால் அந்த அலை இங்கே தொட்டால் அங்கே உடனே அசையும், சார்பியலோடு அது ஒட்டி உறவாடாது. இன்னொரு விசித்திரமும் உண்டு: அதில்கூட இடம் மட்டும்தான் முன்பே இருக்கிறது, எலக்ட்ரானின் ஸ்பின் (சுழற்சி போன்ற ஒரு பண்பு) மாதிரியானவை அளக்கும் முறையைப் பொறுத்துப் பிறக்கின்றன.

ஹியூ எவரெட் 1957-இல் சொன்னதில் அலைச்சார்பு, அதாவது எல்லாச் சாத்தியங்களையும் சேர்த்துச் சுமக்கும் கணித அலை, மட்டுமே நிஜம், அது ஒருபோதும் ஒரே சாத்தியமாகச் சுருங்குவதில்லை, எல்லாச் சாத்தியங்களும் கிளை பிரிந்து நடக்கின்றன. பார்ப்பவருக்கு இதில் எந்தச் சிறப்பு அந்தஸ்தும் இல்லை, அவரும் சேர்ந்து கிளை பிரிகிறார். "எத்தனை உலகம்யா!" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் தலையில் கை வைத்துக்கொள்வார். எனக்கு உலகங்களின் எண்ணிக்கை பிரச்சினை இல்லை. எல்லாமே நடக்கிறது என்றால் 85 சதவீதம் என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் உறுத்துகிறது. பதில்கள் வைத்திருக்கிறார்கள், எனக்கு அவை முழுசாகத் திருப்தி தரவில்லை.

மூன்றாவது கிரார்டி, ரிமினி, வெபர் என்ற இத்தாலியர்கள் 1986-இல் கொண்டுவந்தது. அலைச்சார்பு தானாகவே, யாரும் தொடாமலே, எப்போதாவது சுருங்கும். ஒரு துகளுக்குச் சுமார் 30 கோடி ஆண்டுக்கு ஒருமுறை, அவ்வளவு அபூர்வமாக. ஆனால் ஒரு கிராம் பொருளில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கையோ ஒன்றுக்குப் பின்னால் இருபத்து மூன்று சைபர் போடும் அளவு. கணக்குப் போட்டால் ஒரு நொடியில் கோடி முறை எங்காவது ஒரு துகள் சுருங்கும், ஒன்று சுருங்கினால் அதோடு பிணைந்த மொத்தமும் ஓரிடத்தில் நின்றுவிடும். எலக்ட்ரான் பரவித் திரியலாம், நிலா திரிய முடியாது.

நீல்ஸ் போர், ஹைசன்பர்க் என்ற குவாண்டம் முன்னோடிகள் வழி வந்த கோபன்ஹேகன் விளக்கம் கொஞ்சம் வழுக்கல். போர் மனதைப் பற்றிப் பேசவில்லை. கருவி, அதில் விழும் அழியாத பதிவு, இவற்றைத்தான் பேசினார். ஆனால் எது கருவி, எது கருவியில்லை என்ற கோட்டை எங்கே கிழிப்பது என்று கேட்டால் கைவிரித்துவிடுவார்கள். பாடப்புத்தகங்களும் இதே வழியில்தான் நழுவுகின்றன.

கார்லோ ரொவெல்லி 1996-இல் சொன்னது வேறு மாதிரி. எந்த ஒரு பண்பும் இன்னொரு பொருளோடு உறவாடும்போது அந்தப் பொருளைப் பொறுத்து மட்டுமே உண்மை. அந்த இன்னொரு பொருள் மனிதராக இருக்க வேண்டியதில்லை, கல்லாக இருக்கலாம், காற்று மூலக்கூறாக இருக்கலாம். லால்பாக் பாறைக்கு இது நன்றாகவே பொருந்தும். கியூபிசம் என்று இன்னொரு கட்சி உண்டு. அலைச்சார்பு என்பது உலகத்தின் படமே இல்லை, அளப்பவர் அடுத்து என்ன எதிர்பார்க்கலாம் என்ற அவருடைய சொந்தக் கணிப்பு என்பார்கள். வெளியே உலகம் இல்லை என்று அவர்களும் சொல்வதில்லை. உலகம் திருப்பி அடிக்கிறது, அந்த அடியைத்தான் நாம் அளவீடு என்கிறோம் என்பது அவர்கள் பேச்சின் சாரம்.

2019-இல் இரண்டு பேருக்கு இரண்டு நிஜம் என்று நிரூபித்துவிட்டார்களாமே?

எடின்பரோவில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை அது. விக்னர் 1961-இல் ஒரு கற்பனை சொன்னார். நண்பர் ஒருவர் மூடிய அறைக்குள் அளந்து ஒரு விடையைக் காண்கிறார். வெளியே நிற்கும் விக்னருக்கு அந்த நண்பரே இரண்டு நிலைகளிலும் கலந்து தெரிகிறார். இருவர் சொல்வதும் அவரவர் கணக்கில் சரி. இதை நீட்டி, இருவர் விடைகளையும் ஒரே உலகத்தின் உண்மைகளாகச் சேர்த்து வைக்க முடியுமா என்று பார்க்கப் பெல் மாதிரி ஒரு சோதனையை ஆறு ஒளித்துகள்களில் செய்தார்கள். சேர்த்து வைக்க முடியவில்லை.

ஆனால் அந்தச் சோதனையில் "நண்பர்" யார்? ஓர் ஒளித்துகள்! ஒளித்துகளைப் பார்ப்பவர் என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதே உங்கள் கட்சியைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2020-இல் இதை இன்னும் இறுக்கமான தேற்றமாக்கினார்கள். நிஜமான நண்பர் வேண்டுமென்றால் பெரிய குவாண்டம் கணினிக்குள் சிந்திக்கும் செயற்கை நுண்ணறிவு ஒன்றைக் குடிவைத்துப் பார்க்க வேண்டும் என்பது வரை யோசனை போயிருக்கிறது. அப்படி ஒரு கணினி வரும்வரை பத்திரிகைத் தலைப்பைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இப்போது எடுக்கும் முடிவு பழைய காலத்தை மாற்றுமா? வீலர் சொன்னாரே?

ஜான் வீலர் 1978-இல் சொன்ன யோசனை: ஒளித்துகள் கருவிக்குள் நுழைந்த பிறகு, அது ஒரு வழியாகப் போனதா, இரண்டு வழியாகவும் போனதா என்பதில் எதைச் சோதிப்பது என்று முடிவு செய்யுங்கள். 2007-இல் பிரான்சில் 48 மீட்டர் நீளக் கருவியில் செய்துகாட்டினார்கள், குவாண்டம் கணக்குப்படியே வந்தது. இதனால் கடந்த காலம் மாறியது என்று ஆகாது. ஒளித்துகள் நுழைந்தபோதே "ஒரு வழி" அல்லது "இரு வழி" என்று முடிவெடுத்துவிட்டது என்று நாமாக ஒரு கதை வைத்திருந்தோம், அது தப்பு என்றுதான் ஆகும். வீலர் இதிலிருந்து, பங்கேற்பவர்களால் உருவாகும் பிரபஞ்சம் என்று வெகுதூரம் போனார். அவர் கற்பனை எனக்குப் பிடிக்கும், அதை ஆதாரம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் நம் முன்னோர்கள் அத்வைதத்தில் அன்றே சொல்லிவிட்டார்களே ஐயா?

அத்வைதத்தில் திருஷ்டி-சிருஷ்டி வாதம் என்று ஒரு பிரிவு உண்டு, காண்பதே படைப்பு என்று சொல்வது. ஷ்ரோடிங்கரும் உபநிடதங்களை ஆழமாகப் படித்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தத்துவத்திலிருந்து 75-ஐத் தாண்டி 85 வரை போகும், 86 போகாது என்று எடுக்க முடியாது. அது வேறு கேள்விக்குச் சொல்லப்பட்ட வேறு பதில், அதற்கு அதன் மரியாதை.

இந்த உரசலை நல்ல தரத்தில் பார்க்க வேண்டுமென்றால் 1930 ஜூலையில் பெர்லின் பக்கத்துக் காபுத்தில் தாகூரும் ஐன்ஸ்டைனும் பேசிக்கொண்டதைப் படியுங்கள். உண்மை என்பது மனித மனத்தோடு சேர்ந்ததே என்கிறார் தாகூர். வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் மேசை அதே இடத்தில்தான் இருக்கும் என்கிறார் ஐன்ஸ்டைன். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

அப்போ நாம் சிமுலேஷனுக்குள் இருக்கிறோமா? பார்க்கும்போது மட்டும் ரெண்டர் ஆகிறதா?

கேம் எழுதும் தம்பிகள் கேட்பது இது. பார்க்காத இடத்தை விட்டுவைத்தால் கணினிக்கு வேலை மிச்சம், சரி. ஆனால் குவாண்டத்தில் பார்க்காத நேரத்தில்தான் கணக்கு பூதாகரமாகிறது, எல்லாச் சாத்தியங்களையும் சுமக்க வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

குவாண்டம் முறைப்படி நினைப்பால் நிஜத்தை மாற்றும் வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.

திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கோமதியாலும் சேகராலும் தங்கள் ஒளித்துகள் "ஆம்" சொல்ல வேண்டும் என்று வைக்க முடியாது. அது அவர்கள் கையில் இல்லவே இல்லை.

நம் ஊரில் யாராவது இதில் வேலை செய்கிறார்களா?

செய்கிறார்கள். மேக்ரி சர்க்கிள் பக்கம், சதாசிவநகரில் ராமன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, சி. வி. ராமன் 1948-இல் தொடங்கியது, அங்கே ஊர்பசி சின்ஹாவின் குழு 2022-இல் வெளியிட்ட சோதனை நேராக இந்தக் கேள்வியைத் தொடுகிறது. பின்னணி: 1985-இல் லெக்கெட்டும் கார்க்கும் ஒரு கட்டுரை எழுதினார்கள், யாரும் பார்க்காதபோது அது அங்கே இருக்கிறதா என்று ஐன்ஸ்டைனின் நிலாவைத் தலைப்பிலேயே சீண்டியிருப்பார்கள். ஒரு பொருள் எந்த நேரத்திலும் இரண்டு நிலைகளில் ஏதோ ஒன்றில் உறுதியாக இருக்கிறது, அதைத் தொந்தரவு செய்யாமல் தெரிந்துகொள்ளவும் முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நேரங்களில் பார்க்கிறோம். முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மாறவில்லை, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே மாறவில்லை என்றால், முதலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே மாறியிருக்க முடியாது. இந்தச் சாதாரண அறிவிலிருந்து ஒரு வரம்பு வருகிறது. குவாண்டம் அந்த வரம்பை மீறும்.

பார்த்ததால்தான் கெட்டது என்று யாரும் சாக்குச் சொல்லக் கூடாதே, அதனால் இங்கே தந்திரமாகச் செய்கிறார்கள். ஒளித்துகள் போகக்கூடிய பாதைகளில் ஒன்றை மறித்துவிடுகிறார்கள். ஒளித்துகள் அதையும் மீறி வெளியே வந்து சேர்ந்தால் அது மறித்த பாதையில் போகவில்லை, யாரும் அதைத் தொடவும் இல்லை. அப்படி வந்தவற்றை வைத்தே கணக்குப் போட்டும் வரம்பு மீறப்பட்டது. இது தனி ஒளித்துகள் அளவில், நிலா அளவில் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

நீங்கள் எந்தக் கட்சி?

மனம்தான் உலகத்தை உண்டாக்குகிறது என்ற கட்சி இல்லை. அதற்கு வியன்னா மூலக்கூறும் லால்பாக் பாறையும் எனக்குப் போதும். மற்றவற்றில் தினத்துக்கு ஒரு பக்கம் சாய்வேன். கணக்குப் போடும்போது எவரெட் சுத்தமாகத் தெரிகிறார், கணக்கை மூடி வைத்ததும் ரொவெல்லி நியாயமாகப் படுகிறார். துகளுக்கு முன்கூட்டியே எல்லாப் பதிலும் இருந்தது, நமக்குத்தான் தெரியாது என்ற பழைய ஆறுதலை மட்டும் விட்டுவிட்டேன்; டெல்ஃப்டின் 196-க்குப் பிறகு அதைப் பிடித்துக்கொண்டிருக்க எனக்கு வழி தெரியவில்லை.

இது என்றைக்காவது சோதனையால் முடிவாகுமா, இல்லை பேசிக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?

போம், எவரெட், ரொவெல்லி, கியூபிசம் எல்லாம் ஒரே எண்களைத்தான் தருகின்றன, அவர்களுக்குள் சோதனை வைத்துப் பிரிக்க முடியாது. தானாகச் சுருங்கும் கட்சி மட்டும் வேறு எண்களைத் தருகிறது, அதனால் அதைத் தேடிப் பிடிக்கலாம். அலைச்சார்பு தானாகச் சுருங்கினால் துகள்கள் லேசாக உதறும், மின்னேற்றம் உள்ளவை உதறினால் மங்கலாக எக்ஸ் கதிர் வரும். இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் ஜெர்மேனியம் என்ற தனிமத்தால் ஆன கருவி வைத்து அதைத் தேடினார்கள். ஈர்ப்பு விசையால் சுருங்குகிறது என்ற வகையின் எளிமையான வடிவம் 2020-இல் அந்தச் சோதனையில் அடிபட்டுப் போனது. கிரார்டி கூட்டத்தின் வகை இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் அதற்கு விட்டிருக்கும் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. வியன்னாக்காரர்கள் இன்னொரு முனையிலிருந்து வருகிறார்கள். 2019-இல் 2,000 அணுக்கள் வரை கொண்ட மூலக்கூறுகளையே பட்டை போட வைத்துவிட்டார்கள். இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போய், சுற்றுப்புறக் கசிவு எதுவும் இல்லாமலே ஓர் அளவுக்கு மேல் பட்டைகள் வராமல் நின்றுபோனால், அன்றைக்கு எவரெட்டும் போமும் இருவருமே தோற்றார்கள் என்று அர்த்தம். இதுவரை நிற்கவில்லை.